ராணி வீட்டுக் கடனை விற்கப் போகிறார்கள்

பிப். 9, திங்கள்
காலையில் பனி. வங்கிப் பூட்டைத் திறப்பதற்குள் விரல் மரத்துவிட்டது. ஜெனரேட்டருக்கு டீசல் சொல்ல வேண்டும்.

மண்டல அலுவலகத்திலிருந்து மெயில். தவணை நின்றுபோன வீட்டுக் கடன்களை எல்லாம் ஏதோ சென்னைக் கம்பெனிக்கு விற்கிறார்களாம். நம் கிளையில் ஒன்றே ஒன்று. ராணி, அவள் புருஷன் காளி.

அது நான் போட்ட கடன்! முதல் போஸ்டிங் இதே மலையில்தான். புதுமனை புகுவிழாவுக்கு ஜீப்பில் போனோம். சாமைச் சோறு, மொச்சைக் குழம்பு. காயாத சுண்ணாம்புச் சுவரில் சாய்ந்து என் புடவை பாழானதைப் பார்த்துத் தெருவே சிரித்தது. அப்படி ஒரு நாள் எனக்கு அப்புறம் வாய்க்கவில்லை. இப்போது மேனேஜராகத் திரும்பி வந்து என்ன பிரயோசனம்?

பிப். 10, செவ்வாய்
ராணி வீட்டுக்குப் போனேன். காளி வேலை பார்த்த வாணியம்பாடித் தோல் கம்பெனி மூடிவிட்டது. இப்போது புளி மட்டும்தான் வருமானம், அதுவும் வருஷத்துக்கு ஒரு தரம். மாதத் தவணை எப்படிக் கட்டுவார்கள்?

"ஒங்க கடன வாங்கப் போறோம்னு யாரோ போன் பண்ணி செவுத்துல நோட்டீஸ் ஒட்டுவோன்றாங்க மேடம். ஒங்ககிட்ட வாங்கனோம், ஒங்ககிட்டயே கட்டறோம். அவங்க யாரு, இன்னான்னே எங்களுக்குத் தெரியாதே" என்றாள் ராணி.

வியாழனுக்குள் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

பிப். 11, புதன்
மண்டல அலுவலகத்துக்கு எழுதினேன். வருஷத்துக்கு ஒரே தவணை, புளி விற்றபின். காலத்தையும் நீட்டலாம். சென்னைக் கம்பெனிக்குப் பாதி விலைக்குத் தள்ளிவிடுவோமாம். அந்தத் தள்ளுபடியில் கொஞ்சத்தை ராணிக்கே தந்தால் நமக்கும் லாபம், வீடும் மிஞ்சும். இது ஏன் ஒருத்தர் மண்டையிலும் ஏறவில்லை?

கணினியில் புளிக்கெல்லாம் இடமில்லை என்றார் மேலதிகாரி. பயிர்க்கடனுக்கு மட்டும் அறுவடை எப்படித் தெரிகிறது என்று கேட்டேன். பார்க்கலாம் என்று போனை வைத்துவிட்டார்.

பிப். 13, வெள்ளி
அனுமதி வந்துவிட்டது! விற்பனைப் பட்டியலில் ராணி இல்லை.

போன் போட்டால் ஸ்விட்ச் ஆஃப். ஓடினேன். வீடு பூட்டு. பெருக்கித் தெளித்துக் கோலம் போட்டிருந்தது. பக்கத்து வீட்டம்மா சாவியை நீட்டினார்.

"மேடம் வந்தா குட்த்துட சொன்னாங்க. நோட்டீஸ் ஒட்டி மானம் போறதுக்குள்ள நாமளே போய்டலாம்னு காத்தால செங்கம் பஸ் ஏறிட்டாங்க. தம்பி வூட்டுக்கு."

வியாழன் நேற்றே போய்விட்டதே. ஒரு வார்த்தை சொல்லி வைத்திருக்கலாம். என்மேலேயே கோபம்.

பிப். 14, சனி
வங்கி விடுமுறை. முதல் பஸ்ஸில் செங்கம். விசாரித்து விசாரித்துத் தம்பி வீட்டைக் கண்டுபிடித்தேன். வாசலிலேயே ராணி. விஷயத்தைச் சொல்லுமுன்பே சாவியை நீட்டினேன். அவள் கை நீட்டவில்லை. இரண்டடி பின்னால் போனாள்.

"இன்னா மேடம், வூடு பத்தலியா? மீதிக் கடனுக்கு இங்கயும் வந்துட்டீங்களா?"