தமிழ்ப் பிரதி இல்லாத தாள்

ஜூலை பதினான்கு, செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது பத்து. முப்பத்தாறு எல்லைக்கல்லில் முப்பத்தொன்று கிடைத்தது. மானாப் புல்லை வெட்ட வெட்ட ஒவ்வொன்றாகத் தலைகாட்டின. எல்லாம் எட்டு வருடத்துக்கு முன் நானே நட்டவை, சேர்.

உங்களுக்கு அந்த இடம் தெரியும். மடுல்சீமைக்குப் போகும் பாதையில், எங்கள் தோட்டத்துக்குக் கீழே, பஸ் நிற்கும் வளைவை ஒட்டிய சமதரை. இருபத்திரண்டு குடும்பத்துக்கு இருபத்திரண்டு துண்டு. அதே நிலத்தை மறுபடி அளக்கச் சொல்லி நேற்று பதுளை நில அளவை அலுவலகத்தில் என்னிடம் ஒரு கோப்பைக் கொடுத்தார்கள். அந்த நிலத்தில் உங்கள் பெயரில் நினைவு மண்டபம் கட்டப் போகிறார்களாம். நீங்கள் போய் இன்னும் ஒரு வருடம் ஆகவில்லை.

இறந்தவரைப் பற்றி நல்லதாக எழுத வேண்டும் என்பார்கள். நல்லதை முதலில் எழுதி முடித்துவிடுகிறேன்.

கொழும்பில் சட்டப் பேராசிரியராக இருந்தபோது மாதத்தில் இரண்டு சனிக்கிழமை பஸ் ஏறி வருவீர்கள். வேலை நேரத்தில் குழந்தைகளை விட்டுப்போகும் எங்கள் பிள்ளைக்காம்பராவில் தொட்டில்களை ஓரமாகத் தள்ளிவிட்டு, கொழுந்து பறித்துவிட்டு வந்தவர்களைத் தரையில் உட்காரவைத்துச் சட்டம் சொல்லித்தந்தீர்கள். அம்மா கைநாட்டை விட்டுக் கையெழுத்துக்கு மாறியது அங்கேதான். "சிங்களத்துல தாள் வந்தா கை வைக்காதீங்க. தமிழ்ப் பிரதி கேளுங்க. கேக்கிறது மரியாதைக் குறைவு இல்ல, அது உங்க உரிமை" என்று ஒவ்வொரு வகுப்பிலும் சொன்னீர்கள். நில அளவைப் படிப்புக்கு என்னை விண்ணப்பிக்க வைத்ததும் நீங்கள்தான்.

பிறகு தேர்தலில் நின்றீர்கள். தோட்டம் தோட்டமாக வகுப்பு எடுத்தவருக்கு ஓட்டுக் கேட்க ஆளா வேண்டும்? மாகாண அமைச்சரானீர்கள். அந்த மழைக்காலத்தில் நாங்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தின் சுவர் வெடித்தது. மண்சரிவு பார்க்க வந்த அதிகாரிகள் இருபத்திரண்டு காம்பராவும் ஆபத்து என்று எழுதிக் கொடுத்தார்கள். நீங்கள் வந்து பார்த்து, "ரோட்டோர நிலம் உங்களுக்குத்தான்" என்றீர்கள். அப்போதுதான் வேலையில் சேர்ந்திருந்த நான் அளந்தேன், கல் நட்டேன்.

அடுத்த மாதம் உங்கள் செயலாளர் ஒரு தாளைக் கொடுத்தார். நிலம் சம்பந்தமானது, எல்லாரிடமும் கையெழுத்து வாங்கி வா என்றார். முழுக்கச் சிங்களம். எனக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியும். வாசிக்கவில்லை. காலைப் பெரட்டில், வேலை பிரித்துக் கொடுப்பதற்காக எல்லாரும் கூடி நிற்கும் நேரத்தில், கொண்டுபோய் நீட்டினேன்.

அம்மா மட்டும் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தமிழ்ல இல்லையா தம்பி?"

"சேரு அனுப்புனதும்மா."

பக்கத்துக் காம்பரா முனியம்மா அக்கா சிரித்துவிட்டார். "நல்லா இருக்கே! தாலி கட்ட வந்தவன்கிட்ட ஐடென்டி கார்டு கேக்குற கதையால்ல இருக்கு! சேருகிட்டயே தமிழ்ல கேப்பியாக்கும்?"

பெரட்டே சிரித்தது. "சட்டுனு போட்டுட்டு மலைக்கு ஏறுங்கம்மா" என்று கங்காணி விரட்டினார். அம்மா வெட்கப்பட்டுக்கொண்டு போட்டார். அரசாங்கத் தாள் ஒன்றில் அவர் கையெழுத்துப் போட்டது அதுதான் முதல் தடவை. மற்றவர்கள் பின்னால் வரிசையாகப் போட்டார்கள்.

அதன்பின் நிலம் வரவில்லை. ஒருமுறை உங்கள் அலுவலகத்துக்கு வந்து கேட்டேன். "நடைமுறை இருக்கு தம்பி. சட்டம் நடந்துதான் வரும், ஓடி வராது" என்றீர்கள். நானும் முட்டாள் மாதிரித் தலையாட்டிவிட்டு வந்தேன்.

நேற்றுத்தான் அந்தத் தாளை வாசித்தேன். கோப்பில் இருந்தது. எங்கள் லயம் வாழத் தகுந்தது, வேறு இடம் வேண்டாம், ரோட்டோர நிலத்தில் ஒருபோதும் உரிமை கோரமாட்டோம். மூன்று வரி, கீழே இருபத்திரண்டு கையெழுத்து. அதற்கு அடுத்த பக்கம், அந்த நிலத்தை உங்கள் நண்பரின் சுற்றுலா விடுதிக்குக் கொடுக்கச் சிபாரிசு செய்து நீங்கள் எழுதிய கடிதம். விடுதி வரவில்லை. நிலம் சும்மா கிடந்தது. இப்போது மண்டபத்துக்கும் அந்தத் தாளைத்தான் ஆதாரமாக இணைத்திருக்கிறார்கள்.

வேறு எந்த அரசியல்வாதியின் தாளாக இருந்தாலும் எங்கள் ஆட்கள் தமிழில் கேட்டிருப்பார்கள். கேட்கச் சொல்லித்தந்தவர் நீங்கள் என்பதால் உங்களிடம் மட்டும் கேட்கவில்லை. அது உங்களுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் அனுப்பினீர்கள்.

அம்மா வீட்டுச் சுவர் வெடிப்பை நான் அளந்து வருகிறேன். போன ஐப்பசியில் பதினேழு மில்லிமீட்டர். இந்த மாதம் இருபத்து மூன்று. நேற்று மாலை அந்தச் சுவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தாளை அவருக்குத் தமிழில் சொன்னேன்.

"முத ஆளா நாந்தான் போட்டேனா?"

"ஆமாம்மா."

"நீயாச்சும் வாசிச்சுட்டுக் கொண்டாந்திருக்கலாமேடா" என்றார்.

என் பங்குக்கு நான் பதில் சொல்லிக்கொள்வேன், சேர். உங்கள் பங்கை உங்களோடு புதைக்க விடமாட்டேன். இனிச் செய்யப்போவது இது:

1. வரைபடத்தில் இருக்கிற கற்களை இருக்கிற இடத்தில் குறிப்பேன். இருபத்திரண்டு துண்டையும் இலக்கத்தோடு போடுவேன். வெற்று நிலம் என்று எழுதச் சொன்னால், வேறு ஆளைப் பார்க்கச் சொல்லுவேன்.

2. தாளின் தமிழ்ப் பிரதியைத் தகவல் உரிமைச் சட்டப்படி எழுத்தில் கேட்பேன்.

3. வந்ததும் பெரட்டில் நின்று வாசிப்பேன். கொண்டுவந்து நீட்டியது நான்தான் என்பதையும் சொல்லுவேன். முனியம்மா அக்கா காறித் துப்பினாலும் துடைத்துக்கொள்வேன்.

4. ஏமாற்றி வாங்கிய கையெழுத்து என்று இருபத்திரண்டு பேரும் மனுப் போடுவோம். அடிக்கல் நாட்டுவதற்கு முன். உங்கள் கடிதத்தையும் இணைப்போம்.

5. சனிக்கிழமை வகுப்பைப் பிள்ளைக்காம்பராவில் மறுபடி தொடங்குவேன். நீங்கள் நடத்திய பாடங்கள்தான், ஒன்றையும் விடமாட்டேன். யார் சொல்லித்தந்தது என்று பிள்ளைகள் கேட்டால், உங்கள் பெயரைச் சொல்லமாட்டேன்.