சுவிட்சிலிருந்து எடுத்த கை

நகரி
12.11.2006

அன்பு மகள் சுமித்ராவுக்கு, நைனா ஏழுமலை வாழ்த்தி எழுதுவது. பாஸ்டனில் குளிர் ஆரம்பித்திருக்குமே, காதை மூடிக்கொண்டு போ. போனில் சொன்னால் நீ அழுவாய், நான் வைத்துவிடுவேன். அதனால்தான் இந்தக் கடிதம்.

முதலில் பெருமை. போன வாரம் திருப்பதி ஆஸ்பத்திரியில் உன் ஆராய்ச்சிக் கட்டுரையை டாக்டரிடம் நீட்டினேன். புரட்டிப் பார்த்தவர், "இது உங்க பொண்ணு எழுதினதா?" என்று எழுந்தே நின்றுவிட்டார். பவர்லூம் ஓட்டுகிறவனுக்கு டாக்டர் எழுந்து நிற்பதாவது! திரும்பும்போது பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவரிடமும் சொன்னேன். அவருக்குத் தமிழ் வராது, தெலுங்கில் சொன்னேன்.

என் வயிற்றுக் கட்டியைப் பற்றி நீ படம் போட்டு அனுப்பிய விளக்கத்தைத் தறியாக மாற்றி ஊருக்கெல்லாம் சொல்கிறேன். "கட்டிக்குள்ள ஒரு சுவிட்சு ஆன்லயே மாட்டிக்கினு கீது. வளரு, வளருன்னு சேதி போய்க்கினே இருக்குது. அந்தச் சேதியத்தான் எம்பொண்ணு படிக்குது, மாத்திரை அத மறிக்குது" என்பேன். பக்கத்துத் தறி கிருஷ்ணப்பா, "ஆரம்பிச்சிட்டியா? நான் போயி டிபன் துன்னுட்டு வரேன்" என்று நழுவுவான். பொறாமை பிடித்தவன்.

இனி மறைத்ததைச் சொல்கிறேன். ஆடி மாத ஸ்கேனில் வயிற்றுக் கட்டி சுண்டைக்காயளவுக்குச் சுருங்கிவிட்டது என்றார்கள் அல்லவா? நின்றுபோன தறியின் சுவிட்சை எவன் பிடித்துக்கொண்டு நிற்பான் என்று மாத்திரையை விட்டுவிட்டேன். மாத்திரையால் வந்த முக வீக்கமும் குமட்டலும் போனதில் சுகமாகவே இருந்தது. உன்னிடமும் அம்மாவிடமும் தினம் போட்டேன் என்று பொய் சொன்னேன்.

நூல் பெட்டியில் ஒளித்த மாத்திரை அட்டைகளை அம்மா பார்த்துவிட்டாள். கத்தவில்லை. நேராகக் காணிப்பாக்கம் கோயிலுக்குக் கூட்டிப்போய், "தெனம் போட்டேன்னு புள்ளையாராண்ட சத்தியம் பண்ணு" என்றாள். அங்கே பொய்ச்சத்தியம் செய்யும் தைரியம் நம் பக்கம் யாருக்கு உண்டு? உண்மையைச் சொல்லி அழுதுவிட்டேன்.

அதன் பிறகுதான் போன வாரம் திருப்பதி போனோம். கட்டி மறுபடி எலுமிச்சம்பழமாகிவிட்டது. எழுந்து நின்ற அதே டாக்டர் உட்கார்ந்து திட்டினார். "சுவிட்ச் இன்னும் சரியாகல பெரியவரே. மாத்திரைதான் புடிச்சிக்கினு இருந்திச்சி. இப்படிப்பட்ட பொண்ண பெத்துட்டு நீங்களே விடலாமா?" அவமானமாக இருந்தது. ஆனாலும் திட்டும்போதுகூட அவர் உன்னைத்தான் புகழ்ந்தார், கவனித்தாயா? திரும்பப் போட்டால் பெரும்பாலும் அடங்கும், மூன்று மாதத்தில் தெரியும் என்றார். அன்றே ஆரம்பித்துவிட்டேன்.

எனக்கு ஏதாவது என்றால் வேலையை விட்டுவிட்டு வந்துவிடுவேன் என்றாயே, அந்தப் பயத்தில்தான் இத்தனை நாள் சொல்லவில்லை. கையை எடுத்ததால்தான் எனக்கு இந்த வினை. நீயும் அங்கே கையை எடுத்துவிடாதே, கண்ணு. என்னைப் போல எத்தனை நைனாக்கள் காத்திருக்கிறார்களோ.

தினம் காலையில் இட்லி சாப்பிட்டு மாத்திரை போட்டதும் உனக்கு ஒரு மிஸ்டு கால் தருவேன். சத்தியமாக. எடுக்காதே, அடித்தால் போதும். அது தினம் அடிக்கிற வரைக்கும் நீ அங்கேயே இருந்து வேலையைப் பார்.

நூறு வயது நன்றாக இரு.

உன் நைனா,
ஏழுமலை