பெரட்டுக்குப் பிந்திய லொறி

முருகன் துணை

கீழ்க்கணக்கு லயம்,
ஹல்துமுல்லை.
18.11.1959

என் ஆசை மகன் பொன்னையாவுக்கு, அம்மா இராக்கம்மா சொல்லச் சொல்ல உன் தங்கச்சி பேச்சியம்மாள் எழுதுவது. நாங்கள் மூன்று பேரும் கை கால் சுகத்தோடு இருக்கிறோம், சளி மட்டும் குடும்பத்துக்குப் பொதுவாக ஒன்று இருக்கிறது, அதை முறை போட்டு வைத்துக்கொள்கிறோம். கொழும்பில் நீ வேளைக்குச் சாப்பிட்டு, நனையாமல், நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டுமென்று மலைக்கு ஏறும்போதும் இறங்கும்போதும் முருகனிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். (அண்ணே, அடைப்புக்குள் இருப்பதெல்லாம் பேச்சியின் சரக்கு. அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாத தைரியத்தில் எழுதுகிறேன். சளியைப் பற்றிச் சொன்னதும் நான்தான், அது எப்படியோ வெளியே தப்பி ஓடிவிட்டது.)

இங்கே ஒன்பது நாளாக மழை விடவில்லை. குடம் பிடிக்கும் பீலியில் தண்ணீர் தேத்தண்ணி நிறத்தில் விழுகிறது. மேல் லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால் மண் கொஞ்சம் சரிந்து இரண்டு வீட்டுக் குசினிச் சுவர் விழுந்தது, ஆட்களுக்கு ஒன்றுமில்லை. அப்பாவுக்கு முழங்கால் வீக்கம், ஆனாலும் ஃபெக்டரிக்குப் போய் வருகிறார். பேச்சிக்குப் பதினைந்து முடிகிறது, வாய்க்கு ஐம்பது முடிந்துவிட்டது. (பேச்சி என்று பேரை வைத்துவிட்டுப் பேசாதே என்றால் நான் என்ன செய்வது.) உன் கடிதம் நேற்று வந்தது, ராசா. இவளை இரண்டு முறை வாசிக்கச் சொன்னேன். பதினெட்டுப் பேருக்கும் ஆறு லொறிக்கும் இனி நான்தான் மெனேஜர் என்று நீ எழுதிய இடத்தை அப்பா மூன்றாம் முறையும் வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, வெளியே போய் மூக்கைச் சிந்திக்கொண்டு வந்தார். வியாபாரத்தில் நல்ல தலைவனாவது எப்படி என்று முதலாளி ஓர் இங்கிலீஷ் புத்தகம் தந்ததாகவும் தினமும் ஒரு பக்கம் படிப்பதாகவும் எழுதியிருந்தாய், அதுவும் சந்தோசம். (அண்ணே, அந்தப் புத்தகத்தில் எல்லாப் பக்கமும் முதலாளி பக்கமா, டிரைவர் பக்கம் ஒரு பக்கமாவது உண்டா?)

ஆனால் அதற்குக் கீழே நீ எழுதியதைக் கேட்டதும் அடுப்பை அணைத்துவிட்டு வந்து இவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். வெலிமடையிலிருந்து மரக்கறி ஏற்றி வரும் லொறிக்கெல்லாம் ஒரு சட்டம் போட்டிருக்கிறேன், விடியக்காலை நாலரைக்கு மணி அடிப்பேன், அதற்குப் பிறகு வரும் லொறிக்குக் கேட் திறக்காது, அந்த டிரைவர் ஒரு கிழமை, ஏழு நாளும் சம்பளமில்லாமல் வீட்டில் குந்தலாம் என்று எழுதியிருந்தாய். இந்த யோசனையை எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை, என் மூளையில் உதித்தது என்றும் எழுதியிருந்தாய். அது உன் மூளையில் உதிக்கவில்லையடா ஐயா. அது நம் தோட்டத்துப் பெரட்டு. காலையில் ஆள் எடுக்கும் இடத்துக்குப் பிந்தினவளைத் திருப்பி அனுப்புகிற அதே சட்டம். நீ நாலு மாதப் பிள்ளையாக இருந்தபோது, பெரட்டுக்குத் தப்பு மேளம் அடித்த பிறகு பாலுக்கு அழுதாய். கொடுத்துவிட்டு ஓடினேன். கங்காணி என் முகத்தைக்கூடப் பார்க்காமல், நேரம் போச்சு, திரும்பு என்றான். அந்த மாதத்தில் மூன்று முறை திரும்பினேன், மூன்று முறையும் நீ என் இடுப்பில்தான் இருந்தாய். பிறகு ஒன்பது பத்து வயதில் லயத்துப் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, கையில் கம்போடு பெரட்டு விளையாடுவாய். கடைசியில் வருகிறதைத் திரும்பு என்று விரட்டுவாய். நாங்களும் பார்த்துச் சிரித்தோம். நீ வளரும் வயதில் பத்துப் பேரை வேலை வாங்குகிற ஆள் என்று பார்த்தது அந்த ஒருத்தனைத்தான். இன்றைக்கு நீ பெரிய இடத்தில் உட்கார்ந்ததும் அவன் உனக்குள்ளிருந்து எழும்பி நிற்கிறானோ என்றுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. (அந்த விளையாட்டில் கடைசி ஆள் எப்போதும் நான்தான். எனக்கு இரண்டு வயது, கால் குட்டை. வழக்கு இன்னும் முடியவில்லை.)

பேச்சி போன வருசம் செய்த கூத்தை நீ அறியமாட்டாய், வெட்கத்தில் உனக்கு எழுதவில்லை. ஒரு நாள் விடியுமுன்னே எழும்பி மண்ணெண்ணெய் டின்னைத் தப்பு மாதிரியே அடித்துவிட்டாள். லயம் முழுக்க ஓடியது. சேலையைப் பாதி சுற்றிக்கொண்டு, பிள்ளைகளைத் தரையில் போட்டுவிட்டு, சாப்பிடாமல், முகம் கழுவாமல் ஓடினோம். ஓட்டத்தில் லயத்துக் கடைசித் தொங்கல் வீட்டுக்காரி படியில் விழுந்து முன்பல் போனது. (அண்ணே, நான் பீலிக்குப் பின்னால் ஒளிந்து நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். பிறகு அம்மா ஓடி வந்தார். அந்த முகத்தைப் பார்த்ததும் டின்னைக் கீழே வைத்துவிட்டேன். வீடு தீப்பிடித்தால்தான் ஆட்கள் அப்படி ஓடுவார்கள் என்று நினைத்திருந்தேன்.)

இப்போது சொல்லப்போவதை நீ உட்கார்ந்து வாசி. உனக்கு யாரும் இதைச் சொல்லியிருக்க மாட்டார்கள். போன வெள்ளிக்கிழமை மாலை பறித்த கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு ரோட்டு வழியாக வந்துகொண்டிருந்தோம். மழையும் பனியுமாக முன்னால் போகிறவள் கூடைகூடத் தெரியவில்லை. ஜெமீலா உம்மாவின் தேத்தண்ணிக் கடைக்குக் கீழே இருக்கும் வளைவில் மரம் முறிகிற மாதிரி ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் நம் லயத்துக் கணபதி ஓட்டும் உன் லொறி. ரோட்டோரம் மண் இளகி, பின்சில்லு ஒன்று உருள இடமில்லாமல் வெளியே தொங்குகிறது. கீழே பள்ளம். லீக்ஸ் கட்டும் உருளைக்கிழங்கு மூட்டையும் சரிந்து உருண்டுகொண்டிருக்கின்றன. அவன் மற்றப் பக்கக் கதவால் குதித்து வந்து என் முன்னால் நின்றான். உள்ளங்கை இரண்டிலும் தோல் உரிந்து இரத்தம். பிழைத்தேன் என்று சொல்லவில்லை, தண்ணீர் கேட்கவில்லை. அவன் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை, மணி என்ன அத்தே, மணி என்ன என்பதுதான். பெண்டுகள் நாங்கள் இருபது பேர் கயிறு போட்டு இழுத்தோம், பின்னால் வந்த லொறிக்காரரும் இழுத்தார், மூட்டைகளைப் பொறுக்கி ஏற்றினோம். கொஞ்சம் உட்காரு மகனே என்று கெஞ்சினேன். ஐயோ அத்தே, பெரிய ஐயா கேட்டைப் பூட்டிருவாரு என்று சொல்லிக்கொண்டே, இரத்தக் கையோடு ஏறிப் போய்விட்டான். பெரிய ஐயா என்றது உன்னைத்தான். உன்னை டேய் பொன்னையா என்று கூப்பிட்டவன், உன்னோடு ஒரே தட்டில் சோறு தின்றவன்.

நேற்று வந்த கடிதத்தில் நீ என்ன எழுதியிருந்தாய் தெரியுமா. சனிக்கிழமை அந்த மழையிலும் கணபதி மணிக்கு ஐந்து நிமிசம் முன்னால் வந்துவிட்டான், பயம் இருந்தால் எல்லாம் நேரத்துக்கு நடக்கிறது பாருங்கள் என்று எழுதியிருந்தாய். பதினெட்டுப் பேருக்குத் தலைவனாக இருக்கிற உனக்கு, அவன் உள்ளங்கையில் தோல் இல்லை என்பது தெரியவில்லை. அவன் மறைத்தான். மற்ற ஐந்து பேரும் என்னத்தை மறைக்கிறார்களோ யார் கண்டது. கங்காணியிடமும் நாங்கள் ஒன்றும் சொல்லமாட்டோம், காய்ச்சலைச் சொல்லமாட்டோம், மலையில் கால் வைக்கிற இடம் வழுக்குவதைச் சொல்லமாட்டோம். அவனுக்கு எல்லாம் நன்றாக நடக்கிற மாதிரியே இருந்தது, கடைசி வரைக்கும்.

முன்பெல்லாம் பனி இறங்கினால் லொறிகள் ஜெமீலா உம்மா கடையில் ஒன்றுக்காக ஒன்று நிற்கும், எல்லாம் வந்து சேர்ந்த பிறகு ஒன்றன்பின் ஒன்றாக மெதுவாக இறங்கும். முன்னால் போகிறவர் பின்னால் வருகிறவருக்குத் தன் சிவப்பு விளக்குத் தெரிகிற அளவில்தான் போவார். இப்போது யாரும் யாருக்காகவும் நிற்பதில்லை. ஒங்கட மகன் சட்டம் போட்ட நாள்ல இருந்து என்ட கடை வாங்குல ஈ மட்டும்தான் குந்துது புள்ள என்று ஜெமீலா உம்மா சிரித்துக்கொண்டுதான் சொன்னார், எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. கணபதிக்கு இந்த வேலையை நீ கொடுத்தது நான் கேட்டதால். அவன் பெண்சாதி லெட்சுமிக்கு ஏழாம் மாதம். வெள்ளிக்கிழமை நடந்தது அவளுக்குத் தெரியக் கூடாதென்று எங்கள் இருபது பேரிடமும் சத்தியம் வாங்கியிருக்கிறான். கயிறு அறுத்துவிட்டது என்று கையைக் காட்டியிருக்கிறான், அவளும் மஞ்சள் அரைத்துப் போட்டாள். பீலியில் அவளைக் கண்டால் குடத்தைத் தூக்கிக்கொண்டு நான் வேறு பக்கம் போகிறேன்.

அப்பா இதையெல்லாம் எழுதாதே என்கிறார். அவன் பெரிய எடத்துல இருக்கான், நாம ஒண்ணு எழுதப் போயி அவன் வேலைக்கு ஒல வச்சிடாத இராக்கு என்கிறார். எனக்கும் அந்தப் பயம் இல்லாமல் இல்லை. மரக்கறி பிந்தினால் சந்தை போய்விடும், முதலாளி உன்னைத்தான் கேட்பார், அது எனக்கும் விளங்குகிறது. ஆனால் இந்தக் கடிதத்தைத் தபாலில் போட்டால் சனிக்கிழமைதான் உன் கைக்கு வரும். கணபதி இன்றைக்கு மாலையே இறங்குகிறான், மழையோ கறுத்துக்கொண்டு வருகிறது. அதனால் இதை அவன் கையிலேயே கொடுத்தனுப்பப் போகிறேன். நானும் பேச்சியும் இப்போது ஜெமீலா உம்மா கடைக்குப் புறப்படுகிறோம்.

*

19ஆம் திகதி, காலை ஆறே கால் மணி. கடை வாங்கில் இருந்து எழுதுகிறோம். கணபதி நேற்று மாலை ஐந்து மணிக்கு வந்தான். இஞ்சின் நிறுத்திவிட்டு, கடிதத்தைத் தாங்க அத்தே, போறேன் என்றான். பனி கடை வாசல் வரை வந்துவிட்டது, விடிந்ததும் போடா என்று கையைப் பிடித்தேன். ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும் விடுங்க, லெட்சுமி இருக்கிற இருப்புல என்னைய ஒரு கெழம வீட்டுல ஒக்கார வச்சிட்டா நான் என்ன செய்வேன் என்று அழுகிற குரலில் கேட்டான். நான் பதில் தெரியாமல் நின்றேன். (பதில் எனக்குத் தெரிந்தது. இரண்டு பேரும் வாக்குவாதப்படுகிற நேரத்தில் லொறிச் சாவியை எடுத்து ஜெமீலா உம்மாவின் சீனி டின்னுக்குள் போட்டேன். உம்மா பார்த்துவிட்டு மூடியை இறுக்கி மூடினார். என் வாழ்க்கையில் நான் செய்த குறும்புகளிலேயே சிரிப்பு வராதது இது ஒன்றுதான்.) சாவி இல்லை என்று தெரிந்ததும் தேடு தேடென்று தேடினான், இவளைத் திட்டாத திட்டில்லை. பிறகு வாங்கில் உட்கார்ந்தான். உட்கார்ந்தவன் நாலு ரொட்டி தின்றான். வெள்ளிக்கிழமைக்குப் பிறகு ஒழுங்காகச் சாப்பிட்டது இன்றுதான் என்றான். அவன் லொறி நிற்பதைப் பார்த்துப் பின்னால் வந்த உன் இரண்டு லொறியும் ஒன்றும் கேட்காமல் ஓரங்கட்டி நின்றுவிட்டன. (நான் எடுத்தது ஒரு சாவிதான், அண்ணே. மற்ற இரண்டும் தாமாக நின்றவை. எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.)

விடிந்ததும் பேச்சியை ஓடிப்போய் ரோட்டைப் பார்த்துவிட்டு வரச் சொன்னேன். மழை எப்போதோ விட்டுவிட்டதாம். ரோட்டில் ஒரு கூடை மண்கூட விழவில்லையாம். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு நேற்றைவிடப் பயமாக இருக்கிறது. ரோடு நன்றாகத்தானே இருந்தது, நேற்றே வந்திருக்கலாமே என்று நீ கேட்பாய். விழாத மண்ணைக் காட்டி நான் உன்னிடம் என்ன நியாயம் பேச முடியும். மூன்று லொறி மரக்கறிக்கு முதலாளி உன்னை என்ன சொல்லப் போகிறாரோ. எனக்கு இரண்டு பக்கமும் பிள்ளைகள்தான் ராசா. ஒருத்தன் வேலை போய்விடக் கூடாது, ஒருத்தன் உயிர் போய்விடக் கூடாது. இரண்டில் எது போனால் திரும்பி வராது என்று மட்டும் பார்த்தேன், வேறு கணக்கு எனக்குத் தெரியாது.

சாவியைக் கொடுத்தாயிற்று. மூன்று லொறியும் இஞ்சின் போட்டு நிற்கின்றன, சேர்ந்துதான் இறங்குகிறார்கள். இந்தக் கடிதம் கணபதியின் சட்டைப் பைக்குள் வருகிறது, அதனால் நீ இதை வாசிக்கிறாய் என்றால் அவன் உன் முன்னால் நிற்கிறான், உயிரோடு நிற்கிறான். வெயில் ஏறியிருக்கும், சந்தை முடிந்திருக்கும், உன் கேட் பூட்டியிருக்கும். நீயே எழும்பிப் போய்த் திற, வேறு ஆளை அனுப்பாதே. திறந்ததும் மணியைப் பார்க்காமல் அவன் கையைத் திருப்பிப் பார். அதற்குப் பிறகும் திரும்பு என்று சொல்ல உனக்கு வாய் வந்தால், அவனிடம் சொல்லாதே, லயத்துக்கு வந்து என்னிடம் சொல். எனக்கு அது பழக்கம்.

உன் தலையில் கை வைத்துச் சொல்கிறேன், நீயும் உன் கீழ் இருக்கிற பதினெட்டுப் பேரும் அவரவர் வீட்டுக்கு முழுசாகப் போய்ச் சேர வேண்டும், முருகன் உன் கூடவே நிற்க வேண்டும். மழையில் தலை நனைந்தால் உடனே துவட்டு, சனிக்கிழமை எண்ணெய் வைக்க மறக்காதே. லெட்சுமி கேட்டால் என்ன சொல்வது என்று மட்டும் கணபதியிடம் சொல்லி அனுப்பு, அதுவரைக்கும் நான் பீலிப் பக்கம் போகமாட்டேன்.

மூன்று லொறியும் பிந்தியதற்குப் பொறுப்பாளிகள்,

இராக்கம்மா, உன் அம்மா (பெருவிரல் அடையாளம் பக்கத்தில் இருக்கிறது, நீலமாகத் தெரிவது மை, மற்றது ரொட்டி எண்ணெய்)

பேச்சியம்மாள், சாவி எடுத்தவள்