வரிசையில் விரித்த துண்டு

நேற்று மகள் ஒரு துருக்கிப் படம் போட்டாள். மதப் பள்ளி விடுதியில் வளரும் இரண்டு பையன்களின் கதை. வரிசையாகக் கட்டில்கள், மடிப்புக் கலையாத போர்வைகள், ஜன்னலுக்கு வெளியே பனி. படம் எடுத்தவர்கள் சொறி பிடித்தவனோடு ஒரே பாயில் படுத்ததில்லை என்பது பத்தே நிமிடத்தில் தெரிந்துவிட்டது.

"வாப்பா, உங்க ஹாஸ்டலும் இப்படித்தானா?"

"எங்க மதரஸால யாரும் இவ்வளவு அழகா அழுததில்ல" என்றேன்.

பிறகு அந்தக் காட்சி வந்தது. சுவரேறிக் குதித்துப் போன நண்பனுக்காக மற்றவன் கண்காணிப்பாளரிடம் பொய் சொல்கிறான். பொய் பலிக்கிறது. அதற்கு வயலின் வேறு. எழுந்து போய் முகம் கழுவினேன். மதரஸாவில் என்னோடு ஓதிய உன் ஞாபகம் வந்துவிட்டது. வந்ததில் எனக்குச் சந்தோஷம் ஒன்றுமில்லை.

உனக்குப் பொய் சொல்ல வராது. அதை நல்ல குணம் என்று உன் அடக்கத்தன்று ஜனாஸாவில் பேசிக்கொண்டார்கள். எனக்கு அது வெறும் மந்தபுத்தி.

இருவரும் குர்ஆன் மனனத்துக்குச் சேர்க்கப்பட்டவர்கள். முப்பது பாகங்களில் எனக்கு இருபத்தெட்டு முடிந்திருந்தது. நீ பதினாறில் திணறிக்கொண்டிருந்தாய். அன்று மதியம் நான் டவுனுக்குச் சினிமா பார்க்கப் போனேன். நம் ஏற்பாடு குழந்தைக்கும் விளங்கும். சாயங்கால அஸர் தொழுகையில் என் பக்கத்தில் நிற்பவன் நீ. ஓர் எட்டு நகர்ந்து நின்றால் போதும். தொழுகை வரிசையில் இடைவெளி விடக் கூடாது என்பதுதானே சட்டம். மூடிவிட்டால் யார் இல்லை என்று விடுதிக் கண்காணிப்பாளரான நாஜிருக்குத் தெரியாது.

"போ மாப்ள, நான் நகந்துக்கிறேன்" என்றாய்.

நகரவில்லை. என் பச்சைத் துண்டை எடுத்து என் இடத்தில் விரித்துவைத்தாய்.

"யாரு துண்டுடா இது?" என்று நாஜிர் கேட்டாராம்.

"அவன் ஒளூச் செய்யப் போயிருக்கான் ஹஜ்ரத். வந்துருவான்."

அவர் தொழுகைக்குக் கைகால் கழுவும் தண்ணீர்த் தொட்டிவரை போய்ப் பார்த்துவிட்டார். அந்தித் தொழுகையான மஃரிபுக்கு நான் திரும்பியபோது என் டிரங்குப் பெட்டி வாசலில் இருந்தது. இரண்டு வருடம் என் வாப்பா என்னோடு பேசவில்லை. நான் பி.காம். படித்தேன். நீ முப்பதையும் மனனம் செய்து ஹாஃபிஸ் ஆனாய்.

இருபது வருடம் கழித்து, எங்கள் கம்பெனி ஆட்களைப் பார்க்க வளைகுடாவில் சோனாப்பூர் தொழிலாளர் கேம்புக்குப் போனபோது, அங்கே பள்ளிவாசலில் நீ இமாம். சலாம்கூடச் சொல்லாமல் கேட்டேன்: "ஏன்டா துண்டப் போட்டே?"

"படம் நல்லால்லன்னா நீ பாதியில எந்திரிச்சு வந்துருவியே மாப்ள. வந்தா எங்க நிப்பே?"

சிரித்துக்கொண்டே சொன்னாய். இந்த முட்டாள்தனத்துக்கா என் வாழ்க்கை திசைமாறியது என்று எனக்கு வாய் கசந்தது. அதோடு விட்டாயா? "மிச்ச ரெண்டு பாகத்தையும் எங்கிட்ட ஓதிக் காட்டு. டூட்டி முடிஞ்சு வா, போதும்" என்றாய்.

"உங்கிட்டயா?" என்று கேட்டுவிட்டுக் காரில் ஏறினேன். அதன் பிறகும் பெருநாளுக்குப் பெருநாள் போனில் அதையே கேட்டாய். ரோஷம் இல்லாத பிறவி.

உன் ஜனாஸாவுக்கு நான் டிராஃபிக்கில் மாட்டிப் பிந்தித்தான் வந்தேன். வரிசைகள் தோளோடு தோள் மூடியிருந்தன. செருப்புகளுக்குப் பக்கத்தில் தனியாக நின்று தொழுதேன். விவரமான ஆட்கள் நிறைந்த ஊர் இது. யாரும் எனக்குத் துண்டு விரித்து வைக்கவில்லை.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று எண்ணிவிடாதே. அந்தப் படத்தைப் போல ஒரு முடிவு எனக்கு வேண்டாம். ஆனால் கொஞ்ச நாளாக, ஆபீஸ் போகும் வழியில், மிச்சமிருந்த இரண்டில் முதல் பாகத்தைக் காரில் ஓதிப் பார்க்கிறேன். தினமும் ஓதல் ஒரே இடத்தில் நின்றுவிடுகிறது. அங்கே அடுத்த சொல்லை எடுத்துக் கொடுக்கவேண்டிய முட்டாள் நீ. நீயோ போய்விட்டாய்.