அடுப்பை எண்ண வந்த தம்பிக்கு

இன்று காலை மெஸ் அக்கா வாசலில் உட்கார்ந்து பித்தளைக் குடம் தேய்த்துக்கொண்டிருந்தாள். புளியும் சாம்பலும் பித்தளையும் கலந்த அந்த வாசனை மூக்கில் ஏறியதும் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன். "என்ன அண்ணாச்சி, கொழம்புல உப்புக் கூடிப்போச்சோ?" என்று கேட்டாள். இல்லையென்று சொல்லிவிட்டு வந்து இதை எழுதுகிறேன்.

நேற்று மாதுங்கா மார்க்கெட்டில் உங்கள் அண்ணனைப் பார்த்தேன். காமாலை முற்றி நீங்கள் போய்விட்டீர்கள் என்றார். உங்களுக்கு என் மகன் வயது. இறந்தவர் மேல் கோபம் வைத்திருக்கக் கூடாது என்று சொல்லுகிறவர்கள் உண்டு. அவர்களுக்கு எங்கள் அறைச் சுடலைமுத்துவைத் தெரியாது. நான் கோபம் வைத்திருக்கிறேன், தம்பி. நீங்கள் போன பிறகு அது கூடித்தான் இருக்கிறது. இனி யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

நீங்கள் முதன்முதலாக எங்கள் சந்துக்கு வந்தபோது மழைக்காலம் முடிந்து சேறு காயவில்லை. ஒரு கையில் எழுதும் அட்டை, இன்னொரு கையில் தூக்கிப் பிடித்த பேன்ட். ஏதோ ஓர் ஆராய்ச்சி நிலையம், தாராவியில் யாருக்கு இருமல், யாருக்குக் காசநோய், யார் ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள், யார் போவதில்லை என்று வீடு வீடாகக் கேட்டு எழுத ஆள் வைத்திருந்தது. தமிழ் தெரிந்தவர் வேண்டுமென்று உங்களை எடுத்திருந்தார்கள். கணக்கில் வந்த வீட்டில் எல்லோருக்கும் சீட்டு உண்டு. சீட்டு வைத்திருப்பவருக்கு, ஞாயிற்றுக்கிழமை ஒரு வண்டி வந்து நெஞ்சை எக்ஸ்ரே எடுக்கும். நோய் இருந்தால் மருந்து கொடுப்பார்கள். அதைக் கேட்டதும் நான் சுடலைமுத்துவைப் பார்த்தேன். அவன் வேறு பக்கம் பார்த்தான்.

எங்கள் அறையைப் பற்றி உங்களுக்குத் தெரியும். ஆனாலும் எழுதுகிறேன், உங்கள் அறிக்கையில் அது இல்லை என்பதால். திருநெல்வேலிப் பக்கத்து ஆட்கள் நாங்கள் பன்னிரண்டு பேர். எல்லோரும் தோல் பதனிடும் கொட்டகைகளில் வேலை. பகல் வேலைக்காரன் எழுந்த பாயில் இரவு வேலைக்காரன் படுப்பான். பாய் ஆறாது. ஜன்னல் கிடையாது. ஒருவன் இருமினால் மற்றவன் முகத்தில் படும். சுடலைமுத்து, தோலை ஊறவைக்கும் சுண்ணாம்புக் குழியில் நின்றவன். இருமலைக் கேட்டால் சுண்ணாம்புக் காட்டம் என்பான். காலையில் ஆஸ்பத்திரி வரிசையில் நின்றால் அன்றைய வேலை போகும். நோய் என்று மேஸ்திரி காதில் விழுந்தால் எல்லா வேலையும் போகும். எல்லோருக்கும் ஒன்றாகச் சீட்டு வந்து, எல்லோரும் ஒன்றாக வண்டி ஏறினால் யாரும் அவனைத் தனியாகக் காட்டிக் கேட்க மாட்டார்கள். அதற்காகத்தான் அந்தச் சீட்டு வேண்டியிருந்தது.

நீங்கள் வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தீர்கள்.

"அடுப்பு எங்கே அண்ணாச்சி?"

"அடுப்பு எதுக்கு? நாங்க மெஸ்லல்லா சாப்பிடுதோம்."

"ஒரே அடுப்பில சமைச்சுச் சாப்பிடறவாதான் ஒரு குடும்பம். அடுப்பு இல்லேன்னா எழுத முடியாது."

"அப்போ அக்கா அடுப்புல எங்களையும் சேத்து எழுதுங்க."

"காசு கொடுத்துச் சாப்பிடறவா அந்தக் குடும்பத்தில வரமாட்டா. ரூல் அதுதான்."

ஆக அக்கா வீட்டிலும் நாங்கள் இல்லை, எங்கள் அறையிலும் நாங்கள் இல்லை. நான் பள்ளிக்கூடம் போனவனல்ல. கடைப் பலகைகளைப் பார்த்துத் தமிழும் இங்கிலீஷும் எழுத்துக் கூட்டிப் படித்தவன். எனக்கே அது பைத்தியக்காரத்தனம் என்று விளங்கியது. பட்டம் வாங்கிய உங்களுக்கும் விளங்கியிருக்கும். அதனால்தான் போகும்போது திரும்பி நின்று, மெதுவாக, "ஒரு ஸ்டவ் வாங்கிச் சமைக்க ஆரம்பியுங்கோ, அடுத்த வாரம் வரேன்" என்றீர்கள். அதைச் சொன்னது நீங்கள். மறந்திருந்தால் இப்போது ஞாபகப்படுத்துகிறேன்.

காட்கோபரில் பழைய சாமான் கடையில் ஒரு பித்தளைப் பம்ப் ஸ்டவ் வாங்கினோம். பொய்க்கு வாங்கி மூலையில் வைக்கவில்லை. அன்றிலிருந்து தினமும் காலையில் அதில் கஞ்சி வைத்தோம். மெஸ் அக்காவுக்குக்கூடக் கொஞ்சம் வருத்தம். அடுத்த வாரம் நீங்கள் வந்தபோது உங்களுக்கும் ஒரு தம்ளர் கொடுத்தோம். ஊதி ஊதிக் குடித்தீர்கள். பிறகு அட்டையை மடியில் வைத்துக்கொண்டு, "குடும்பத் தலைவர் யாரு?" என்று கேட்டீர்கள். எல்லோரும் என்னைக் காட்டினார்கள்.

"மனைவி?"

சுடலைமுத்து துண்டை எடுத்துத் தலையில் முக்காடு போட்டுக்கொண்டான். "நாந்தான் சார். எழுதிக்கிடுங்க. அண்ணாச்சிக்கு வாக்கப்பட்டு நான் படுத பாடு இருக்கே!"

"ஏலே, இவளக் கெட்டினதுக்கு நான் சாமியாராப் போயிருக்கலாம்" என்றேன்.

அறையே சிரித்தது. நீங்களும் சிரித்தீர்கள். அவன்தான் அதிகம் சிரித்தான். சிரிப்பு இருமலாகி நிற்காமல் வந்தது. முக்காட்டுத் துண்டாலேயே வாயைப் பொத்தினான். துண்டை எடுத்தபோது அதில் சிவப்பு இருந்தது. நீங்கள் பார்த்தீர்கள். உங்கள் பேனா நின்றுவிட்டது. ஒன்றும் கேட்காமல் பன்னிரண்டு பேரையும் எழுதினீர்கள். அன்று உங்களை எனக்குப் பிடித்திருந்தது.

அடுத்து, எழுதியது சரியா என்று பார்க்க உங்கள் மேலதிகாரி, அந்த டாக்டர், வருகிறார் என்று சொல்லி அனுப்பினீர்கள். பெரிய மனிதர் வருகிறார் என்றால் எங்கள் ஆட்கள் என்ன செய்வார்கள்? தரையைக் கழுவினார்கள். சுவரில் காலண்டரை நேராக மாட்டினார்கள். சுடலைமுத்து குந்தி உட்கார்ந்து, புளியும் சாம்பலும் போட்டு, கரி ஒரு பொட்டு இல்லாமல் ஸ்டவ்வைத் தேய்த்தான். நடுவில் மூச்சு வாங்க நிறுத்தி நிறுத்தித் தேய்த்தான். "இதுல மொகம் பாத்துச் சவரம் பண்ணலாம்லா" என்று என்னிடம் தூக்கிக் காட்டினான்.

டாக்டர் உள்ளே வந்து, முதலில் பெண்கள் எங்கே என்று கேட்டார். பிறகு ஸ்டவ்வைக் குனிந்து பார்த்தார். விரலால் தடவி, விரலை நம் எல்லோருக்கும் காட்டினார். விரலில் ஒன்றும் இல்லை. "ஏக்தம் நயா ஹை. திகானேகேலியே ரக்கா ஹை" என்றார். புத்தம் புதுசு, சும்மா காட்டுவதற்காக வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். நான் என் உடைந்த ஹிந்தியில், சாப், தினமும் கஞ்சி வைக்கிறோம் என்றேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. உங்களைப் பார்த்து, இங்கே சமைத்து நீ பார்த்திருக்கிறாயா என்று கேட்டார்.

நீங்கள் உங்கள் ஷூவைப் பார்த்தீர்கள்.

எங்கள் கஞ்சியைக் குடித்த வாய் அது, தம்பி. ஆமாம் என்று ஒரு சொல் போதும். பொய் சொல்லச் சொல்லவில்லை. சட்டத்தை மீறச் சொல்லவில்லை. உங்கள் ரூல்படியே எங்களிடம் அடுப்பு இருந்தது, அதில் சமையல் நடந்தது, அதைச் சாப்பிட்டவர் நீங்கள். நீங்கள் பேசாமல் நின்றீர்கள். அவர் சிவப்புப் பென்சிலால் பன்னிரண்டு பேரையும் குறுக்கே அடித்தார். "மனுசன எண்ண வந்தியளா, அடுப்ப எண்ண வந்தியளா?" என்று நான் கத்தியது சந்து முழுக்கக் கேட்டது. தமிழ் தெரியாத டாக்டருக்கு அது விளங்கியிருக்காது. உங்களுக்கு விளங்கியது.

ஞாயிற்றுக்கிழமை வண்டி வந்தது. சீட்டு வைத்திருந்தவர்கள் குழந்தை குட்டிகளோடு வரிசையில் நின்றார்கள். நாங்கள் மெஸ் வாசலில் நின்று பார்த்தோம். "என்ன அண்ணாச்சி, போட்டோதான எடுக்கான், எனக்கென்ன கலியாணமா பேசப் போறிய?" என்றான் சுடலைமுத்து. அதற்கு யாரும் சிரிக்கவில்லை.

அடுத்த மழையில் அவன் எழுந்திருக்க முடியாமல் படுத்தான். யாரிடமோ கேள்விப்பட்டு நீங்களே டாக்ஸியோடு வந்தீர்கள். அவனைத் தூக்கி உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனீர்கள். அவன் தலை உங்கள் தோளில் இருந்தது. அதை நான் மறைக்கவில்லை. ஆனால் ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்தவர், இவ்வளவு நாள் எங்கே இருந்தீர்கள் என்று கேட்டார். படுக்கை கிடைத்து, மருந்து தொடங்கி, அது வேலை செய்யும் முன்பே அவன் போய்விட்டான்.

அதற்கப்புறம் மாதுங்காவில் ஒரு காப்பி ஹோட்டலில் என்னை உட்காரவைத்து அறிக்கை வந்துவிட்டது என்றீர்கள். எங்கள் பகுதியில் நோய் குறைவு, தனியாக டி.பி. கிளினிக் தேவையில்லை என்று முடிவாம்.

"எங்க ரூம் மாதிரி ரூம் எத்தனை இருக்கு தெரியுமா? அதுல ஒண்ணாவது உங்க கணக்குல உண்டுமா?"

"இல்லே அண்ணாச்சி. குடும்பம் இல்லாதவாளை மிதக்கும் மக்கள்தொகைன்னு சொல்லுவா. விட்டுடுவா."

"நான் பாதி ஆயுசு இந்தச் சந்துல கெடக்கேன். நானா மெதக்கேன்? சுடலை அங்கன மண்ணுக்குள்ள கெடக்கான். அவனும் மெதக்கானா?"

பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நீங்கள் காப்பியைத் தொடவில்லை. "தற்காலிக வேலை அண்ணாச்சி. எதிர்த்துப் பேசினா போயிடும்னு பயந்துட்டேன்" என்றீர்கள். அந்தப் பயம் எனக்குத் தெரியாததல்ல. சுடலைமுத்துவை ஆஸ்பத்திரிக்குப் போகவிடாமல் பிடித்துவைத்ததும் அதே பயம்தான். அவன் பயந்தான், அவன் செத்தான். நீங்கள் பயந்தீர்கள், அதற்கும் அவன்தான் செத்தான். இதை அன்றே சொல்ல வாயெடுத்து, உங்கள் முகத்தைப் பார்த்து விட்டுவிட்டேன். இப்போது சொல்லிவிட்டேன்.

பிறகும் சில மாதங்களுக்கு ஒருமுறை வந்தீர்கள். வாசற்படியில் உட்கார்ந்து, யாருக்காவது இருமலா என்று கேட்டு, இரண்டு பேரை நீங்களே கூட்டிப்போய் மருந்து வாங்கிக் கொடுத்தீர்கள். அவர்கள் உயிரோடு இருக்கிறார்கள். நான் உங்களோடு சரியாகப் பேசவில்லை. இன்று வந்தாலும் பேச மாட்டேன். போகும்போது ஒவ்வொரு தடவையும், "அடுத்த சர்வேயில கட்டாயம் சொல்லிடுவேன் அண்ணாச்சி" என்பீர்கள்.

அடுத்த சர்வே வந்திருக்கிறது. போன வாரம் ஒரு பையன் வாசலில் நின்று அடுப்பு எங்கே என்று கேட்டான். அவனிடம் நான் சண்டை போடவில்லை. அவனுடைய டாக்டர் எந்த ஆபீசில் எத்தனை மணிக்கு இருப்பார் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். திங்கட்கிழமை இந்தச் சந்தின் அறைக்காரர்கள் எல்லோரும் ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு என்னோடு அந்த ஆபீசுக்கு வருகிறார்கள். இருமுகிறவன், இருமாதவன் எல்லோரும் ஒன்றாக.

என் ஹிந்தி அன்று எடுபடவில்லை என்பதால், நீங்கள் சொல்லாமல் விட்டதை ஓர் அகராதியை வைத்துக்கொண்டு இங்கிலீஷில் ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்து மனப்பாடம் செய்திருக்கிறேன். இவர்கள் இங்கேதான் இருக்கிறார்கள், நான் என் கண்ணால் பார்த்தேன். இலக்கணம் தப்பாக இருக்கலாம். டாக்டர் சிரிக்கலாம். சிரித்து முடிக்கட்டும் என்று காத்திருந்து, திரும்பவும் சொல்வேன்.