என் காது மட்டும் போதுமாம்

வைட்ஃபீல்ட்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள அப்பாவுக்கு ரூபினி வணக்கத்துடன் எழுதுவது.

இன்று காலை ஹாலைப் பெருக்கும்போது ரசமட்டத்தின் குமிழி நட்டநடுவில் நிற்பதைப் பார்த்தேன். ரெக்கார்ட் பிளேயர் சாயாமல் இருக்கிறதா என்று பார்க்க அண்ணன் அதன்மேல் வைத்திருக்கும் சின்ன ரசமட்டம் அது. இத்தனை நாளும் குமிழி ஓரமாகவே ஒட்டிக்கொண்டிருக்கும். குனிந்து பார்த்தேன். மேசையின் ஒரு காலுக்கு அடியில், பள்ளியில் சேர்வதற்காக நான் வைத்திருக்கும் பிளஸ் ஒன் உயிரியல் புத்தகம்.

ஏன் அண்ணா என்று கேட்டால், சும்மாதானே கிடந்துச்சு, தடிமனும் சரியா இருந்துச்சு என்று சிரிக்கிறார். அது சும்மா கிடக்கவில்லை அப்பா. அண்ணன் குழந்தை யுவனைத் தூங்கவைத்த பிறகெல்லாம் அதைத்தான் படிக்கிறேன். உருவித் துடைத்து என் பையில் வைத்துக்கொண்டேன்.

போனில் பேசினால் லாவண்யா அண்ணி ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறார். அதனால்தான் கடிதம். கேப் ஓட்டும் நம் ராயக்கோட்டை வெங்கடசாமி மாமா இன்று ஊருக்கு வருகிறார். அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். அம்மாவுக்கும் படித்துக் காட்டுங்கள். யுவனுக்குச் சளி விட்டுவிட்டது, கவலைப்பட வேண்டாம்.

அண்ணனிடம் இருக்கும் பிளேயரே உசத்தியானது. அதை மாற்றலாமா, ஊசியைத் தாங்கிப் போகும் அந்தக் கையை மட்டும் மாற்றலாமா என்று பொங்கலிலிருந்து யோசிக்கிறார். சாப்பிடும்போதும் அதே பேச்சு. எந்தக் கை கனம், எது லேசு என்று அண்ணியிடம் கேட்பார். அண்ணி போனைப் பார்த்துக்கொண்டே ம் சொல்வார். கடைக்காரர் பத்ரிநாத், வீட்டில் வைத்துக் கேட்டுப் பார்த்தே முடிவு செய்யுங்கள் என்று புது பிளேயரையே போன வாரம் கொண்டுவந்து வைத்துவிட்டார்.

இன்று முடிவு சொல்ல வேண்டிய நாள். எது பழையது, எது புதியது என்று தெரியாமல் கேட்டால்தான் காது உண்மை சொல்லுமாம். இரண்டையும் மறைத்துப் போர்வையைக் கட்டிவிட்டு அண்ணன் என்னைக் கூப்பிட்டார். இவளுக்கு ஒண்ணும் தெரியாது, அதனால இவ காதுதான் சுத்தம் என்று பத்ரிநாத்திடம் சொன்னார். மடியில் யுவனை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

ஒரே பாட்டை இரண்டு தடவை போட்டார்கள். இரண்டாவதில், பாடுவதற்கு முன்னால் அந்த அம்மா மூச்சு இழுப்பது கேட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருப்பது போல இருந்தது. நன்றாகத்தான் இருந்தது அப்பா, பொய் சொல்ல மாட்டேன். கேட்டதைக் கேட்டபடி சொன்னேன். அதுதான் புது பிளேயராம். அண்ணன் துள்ளிவிட்டார். பத்ரிநாத், உன் காதுக்கே ஒரு சர்டிபிகேட் குடுக்கலாம்மா என்றார். அண்ணியும் சிரித்தார்.

எல்லாரும் சந்தோஷமாக இருக்கிறார்களே என்று அப்போதுதான் வாயைத் திறந்தேன். பிளஸ் ஒன் சேர்க்கை வெள்ளிக்கிழமையோடு முடிகிறதாம், என்கூடப் படித்த மகா அவள் அப்பா வெங்கடசாமி மாமாவிடம் சொல்லி அனுப்பியிருக்கிறாள் என்றேன்.

அண்ணன் முகம் மாறிவிட்டது. "இதெல்லாம் அவசரப்பட்டு முடிவு பண்றது இல்ல ரூபினி. யுவன் இன்னும் கொஞ்சம் பெருசாகட்டும்."

போன வருஷமும் இதே வார்த்தைதான். இங்க சாப்பாட்டுக்கு என்ன குறை என்று அண்ணி கேட்டார். குறை என்று யார் சொன்னது? யுவன் என் கழுத்தைக் கட்டிக்கொண்டுதான் தூங்குகிறான், அவன்மேல் எனக்கு என்ன கோபம்? ஊசிக்குக் கை தேட இத்தனை மாதம் யோசிக்கத் தெரிகிறது. என்னைப் பற்றி யோசிக்க ஒரு சாயங்காலம் கிடைக்கவில்லை.

உங்கள்மேலும் கோபம்தான் அப்பா. என்னை இங்கே விட்டுவிட்டுப் போன அன்று அண்ணியிடம் என்ன சொன்னீர்கள்? இது வாயில்லாப் பூச்சி, எதைச் சொன்னாலும் செய்யும் என்றீர்கள். நான் கதவுக்குப் பின்னால்தான் நின்றிருந்தேன். ஒரு வருஷம்தான் என்று என்னிடம் சொன்னதும் நீங்கள்தான். அந்த வருஷம் முடிந்துவிட்டது.

உறுதி செய்துகொள்ள அந்தப் பாட்டை இன்னொரு தடவை கேட்டுச் சொல்லு என்றார் அண்ணன். கேட்க மாட்டேன் என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. யுவனை அண்ணி மடியில் கொடுத்தேன். பத்ரிநாத் இருக்கிறாரே என்றுகூடப் பார்க்கவில்லை.

அப்பா வியாழக்கிழமை வந்து என்னைக் கூட்டிட்டுப் போறார், வெள்ளிக்கிழமை ஸ்கூல்ல சேர்க்கறார் என்று உங்களைக் கேட்காமலேயே எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன்.

உங்கள் மகள்
ரூபினி