கூடிக்கொண்டே போன எண்ணெய்

7 மே 1936, வியாழன்

நான் ஓட்டும் பஸ்ஸில் எண்ணெய் அழுத்த மீட்டரின் முள் எப்போதும் முப்பதில் நிற்கும். இன்று இருபத்திரண்டு. எண்ணெய் குறைந்திருக்கும் என்று அளவுக் கம்பியை உருவிப் பார்த்தேன். மேல்கோட்டையும் தாண்டி நிற்கிறது! நான் ஊற்றியதைவிட அதிகம். பசு பால் சுரக்கும். எஞ்சின் எண்ணெய் சுரக்குமா?

முதலாளி கன்னியப்பனிடம் சொன்னேன். "கொறைஞ்சிருந்தா திருடிட்டேன்னு திட்டலாம். கூடியிருந்தா உன்ன என்னான்னு திட்டுறது, தேவதாசு?" என்று நிஜமாகவே வருத்தப்பட்டார்.

9 மே, சனி

முள் பதினைந்து. எண்ணெய் இன்னும் கூடியிருக்கிறது. பஸ் முழுக்கச் சீரக வாசனை வேறு. ஒருவர், "வழியில சாப்பாடு போடுவீங்களா?" என்று கேட்டார்.

11 மே, திங்கள்

மானம் போன நாள்.

முத்தியால்பேட்டையிலிருந்து வில்லியனூர் மாதா கோயிலுக்குக் கல்யாணக் கூட்டம். நெல்லித்தோப்பில் முள் சுழியத்தில் விழுந்தது. அந்த நொடியே எஞ்சினை அணைத்தேன். மாப்பிள்ளை அலெக்சாண்டர் கோட்டும் பூச்செண்டுமாக இறங்கி வந்தார்.

"வண்டி நல்லாத்தானே ஓடுச்சு? ஏன் நிறுத்துனீங்க?"

விளக்கினேன். அடியில் எண்ணெய்த் தொட்டி. பம்பு சல்லடை வழியாக எண்ணெயை உறிஞ்சிப் பேரிங்குகளுக்குத் தள்ளும். அந்த மெல்லிய படலத்தின் மேல்தான் தண்டு சுழலும். எண்ணெய் வராவிட்டால் உரசி உரசிப் பேரிங் உருகிவிடும்.

பொறுமையாகக் கேட்டார். "அங்க எம் மாமனாரு எரிஞ்சிக்கிட்டிருப்பாருங்க," என்றார். புஸ்புஸ் தள்ளுவண்டி ஒன்றில் ஏறிப் போனார். கூட்டம் பின்னால் ஓடியது.

சாயங்காலம் முதலாளி: "நாளைக்குள்ள கோளாறக் காட்டு. இல்லன்னா வேற வேல பாத்துக்க."

பதினோரு வருஷம் ஓட்டியிருக்கேன். நிறுத்துனது தப்பா? தப்பே இல்ல — ஆனா யாருகிட்ட சொல்றது?

12 மே, செவ்வாய்

தொட்டியைக் கழற்றினேன். பம்பின் சல்லடையை அடைத்துக்கொண்டு — மிளகு. சீரகம். ஒரு பூண்டுப் பல்!

முதலாளியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் மனைவி அஞ்சலாட்சியம்மாள் குனிந்து பார்த்தார். "அட, நாந்தான் போட்டேன்," என்றார்.

சித்திரை வெயிலில் பஸ்ஸுக்குச் சூடு பிடித்திருக்கிறதாம். மூன்று வாரமாக வெள்ளிதோறும் நல்லெண்ணெய் காய்ச்சி ஊற்றியிருக்கிறார்.

முதலாளிக்கு வந்த முதல் சந்தேகம்: "ஏன் வெள்ளிக்கிழம?"

"வண்டி பொம்பளதானே? ஆம்பளன்னா சனிக்கிழம ஊத்தியிருப்பேன்."

"மிளகு?"

"எண்ணெ குளிர்ச்சியாச்சே. சளி புடிச்சிக்கிட்டா?"

14 மே, வியாழன்

சல்லடை, தொட்டி, குழாய் எல்லாம் கழுவிப் புது எண்ணெய் ஊற்றினேன். பேரிங்கில் ஒரு கீறல்கூட இல்லை. முள் முப்பது. முதலாளி மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. "நீ நிறுத்தாம இருந்திருந்தா எஞ்சின் போயிருக்கும்" என்று பஸ்ஸைப் பார்த்துச் சொன்னார். போதும்.

அஞ்சலாட்சியம்மாள் மட்டும் கண்கலங்கி, முள் இறங்கினால் என்ன அர்த்தம் என்று கேட்டுத் தெரிந்துகொண்டார்.

22 மே, வெள்ளி

வில்லியனூர் நடை. என் பக்கத்து இருக்கையில் அஞ்சலாட்சியம்மாள், மீட்டரைவிட்டுக் கண் எடுக்காமல். மாட்டுவண்டிக்காக வேகத்தைக் குறைத்தேன். முள் இருபத்தெட்டு.

"தேவதாசு, நிறுத்து!"

"வேகம் கொறைஞ்சா முள்ளும் கொஞ்சம் எறங்கும்மா. காலையிலேருந்து நாலாவது வாட்டி —"

"பேசாம நிறுத்து."

நிறுத்தினேன்.